தோடியைத் தேடி

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கீதத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன அருகதை என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நினைப்பது நியாயமே. பத்தாம் வகுப்போடு ஏட்டை மூடிவைத்துவிட்டு இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். ஊதுகின்ற கருவிகளில் நான் நெருங்கிப் பழகியது கார்டு ஐயாவின் விசில் ஒன்றோடுதான். ஆனாலும் சென்ற ஆண்டு விழா முடிந்த அதே வாரத்தில் இரண்டு பேர் தனித்தனியே என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருவரும் கேட்டது ஏறத்தாழ ஒன்றே. அதைச் சொல்லுவதற்காகவே செயலாளரிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் வந்தவன் நம் காலனிப் பிள்ளை. பாண்டு வாத்தியக் குழு ஒன்றில் டிரம்பெட் ஊதுகிறவன். காஞ்சிரங்குளத்திலிருந்து பூவார் வரை கடலோரத்து மாதா கோவில்களில் திருவிழா வந்துவிட்டால் இவன் வீட்டில் தங்குவதே இல்லை. "சார், மெண்டெஸ் வாசித்த மக்கரேனா உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டான். மக்கரேனா என்பது ஏதோ தின்பண்டம் என்று நான் எண்ணிக்கொண்டேன். பிறகுதான் விளக்கினான். ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரில் மக்கரேனா மாதா என்று ஒரு தேவமாதா உண்டு. அவள் பெயரால் "லா விர்ஹென் டெ லா மக்கரேனா" என்று ஓர் இசை. காளையோடு மனிதன் பொருதுகின்ற கோதாவில் முழங்குவது. நம் மாட்டுப்பொங்கல் ஊர்களுக்குத் தவில் எப்படியோ, அந்நாட்டுக் கோதாவிற்கு அது அப்படி. அதை டிரம்பெட்டில் தனி வாசிப்பாக உலகறியச் செய்தவர் ராபேல் மெண்டெஸ் என்னும் மெக்ஸிகோக்காரர். 1906-இல் பிறந்து 1981-இல் மறைந்தவர். சிறுவனாக இருந்தபோதே தம் குடும்பத்தாரோடு சேர்ந்து புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் முன்னிலையில் வாசித்தவர். பின்னர் அமெரிக்காவிற்குப் போய்த் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். ஒரு நாள் கதவு ஒன்று திறந்து மோதியதில் உதடு கிழிந்து, ஊதவே முடியாமல் போய், மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொண்டு எழுந்தவர். பாகனினி என்னும் மேதையின் ஓர் உருப்படியை நடுவில் மூச்சை விடாமலே ஊதி முடித்தவர் என்று பையன் சொன்னபோது, "இதென்ன பெரிய அதிசயம், நம் ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கி மணிக்கணக்கில் ஊதுவதில்லையா?" என்று நான் கேட்டேன். பையன் அதை ரசிக்கவில்லை.

அவன் கவலை வேறு. அந்த மக்கரேனாவின் அச்சுத்தாள் ஒன்று அவனிடம் இருந்தது, நகலின் நகலாக. தாளில் உள்ளபடி ஊதினால் பாட்டு வருகிறது, மெண்டெஸ் வரவில்லை என்பது அவன் முறையீடு. தொடக்கத்தில் தாளக் கட்டின்றி அவர் இழைக்கின்ற இழைப்பு தாளில் வெறும் நாலு எழுத்தாய்க் கிடக்கிறதாம். ஆகையால் பழைய இசைத்தட்டு வேண்டும், அந்தத் தட்டை வைத்துச் சரியாக எழுதிய தாளும் வேண்டும். என் தகப்பனார் விட்டுச்சென்ற கிராமபோன் பெட்டியும் சில தட்டுகளும் என்னிடம் இருப்பதைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான். மெண்டெஸ் தட்டு என்னிடம் இல்லை. என் தகப்பனார் மெக்ஸிகோ என்னும் பெயரையாவது கேட்டிருப்பாரா என்பதே ஐயம்.

இரண்டாவதாக வந்தவர் பாறசாலைப் பக்கத்து நாயனக்காரர். அவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளும்போது, களியக்காவிளை கடந்து நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோவிலில் இரவு தங்குவார்கள் அல்லவா, அந்த வழியோரத்தில் வரவேற்பு மேளம் என்றால் பல ஆண்டுகள் இவர்தாம். இன்று வயது அறுபத்தைந்துக்கு மேல். எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் கோவில் கோவிலாக வாசித்தவர்.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு விழாவில் மங்கல இசை இவருடையதாக இருந்திருக்க வேண்டும். முந்திய ஆண்டுகளில் அப்படித்தான் இருந்தது. பொருளாளனாகிய நான் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நாயனம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து, தாளம், வண்டிக்கூலி, சாப்பாடு. சாப்பாட்டுப் பந்தியில் ஓர் இனிப்பைக் கூட்டலாமே என்று தோன்றிற்று. "இராஜரத்தினம் பிள்ளையே கைப்பேசியில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?" என்று செயற்குழுவில் நான்தான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், தீர்மானம் நிறைவேறிற்று. விழா மாலையில் ஒலிபெருக்கியில் தோடி முழங்கிற்று. நீங்களும் கேட்டீர்கள். அந்த நேரத்தில் பந்தல் வாயிலில் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அழைப்பு வரத் தாமதமாகிறது போலும், எதற்கும் போய் நிற்போம் என்று வந்தாராம்; நாயனத்தை உறையோடு தோளில் மாட்டியிருந்தார். நான் வார்த்தை வராமல் திண்டாடினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன வாசிப்பு தம்பி! ஆனால் சுருதி அரைக்கட்டை ஏறிக் கிடக்கிறது. யாரோ தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பிடித்திருக்கிறார்கள்" என்றார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் உட்காராமல் பேருந்துக்குப் போய்விட்டார். அன்று கூட்டிய அந்த இனிப்பு எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, உங்கள் அப்பாவிடம் அந்தத் தோடித் தட்டு இருந்ததாகச் சொல்வார்களே, அதைச் சரியான வேகத்தில் ஒரு முறை கேட்க வேண்டும்" என்றார். "வாருங்கள் அண்ணாச்சி" என்று உள்ளே அழைத்தேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இளைஞர்களுக்காக இராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிச் சிறிது சொல்லுகிறேன். 1898-இல் திருமருகலில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்வானாக விளங்கி அவ்வூர்ப் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். வாய்ப்பாட்டிலும் பயின்றவர். ஆகவே குழலில் அவர் ஊதியது குரல்போலவே இருந்தது என்பார்கள். அவர் காலத்திற்கு முன் வழங்கியது திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி கூடுதல், காதைத் துளைக்கும். நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்தை அவர் செய்வித்தார். சுத்த மத்தியமம் அதில் இயல்பாகப் பேசியது. இன்று கச்சேரியில் நாம் காணும் நாயனம் அதுவே. ஆச்சா மரத்தில், அதிலும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உலர்ந்த கட்டைகளில், கடைந்து செய்யப்படும் அந்த நரசிங்கன்பேட்டை நாயனத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1940-இல் வெளிவந்த "காளமேகம்" திரைப்படத்தில் பிள்ளையவர்களே கதாநாயகர். 1947 ஆகஸ்டு 14-இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் டில்லிக்கு அனுப்பிய குழுவில் சென்று அங்கே நாயனம் முழங்கினார். 1956 டிசம்பர் 12-இல் மறைந்தார். அதற்கு 41 நாட்களுக்கு முன்தான், நவம்பர் 1-இல், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு போட்டவர்கள் நல்ல வேளையாக நாயன ஓசைக்குச் சுங்கம் விதிக்கவில்லை.

அவர் தோடி கோவிலில் மணிக்கணக்கில் ஓடும். இசைத்தட்டோ ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமும் சில நொடிகளுமே கொள்ளும். அரக்குத் தட்டின் அளவு அவ்வளவுதான். நிமிடத்திற்கு 78 சுற்று. எனவே வித்வான் எவராயினும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு, ஒரு கடலைச் செம்பில் முகந்து கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

அன்று மாலை பெட்டியைத் துடைத்து, வில்லை முறுக்கி, புது ஊசி போட்டேன். வேகத்தைச் சரி பார்க்க வேண்டுமே! தட்டின் விளிம்பில் வெள்ளைக் காகிதத் துணுக்கு ஒன்றை வைத்து, கடிகாரத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு, அரை நிமிடத்தில் 39 சுற்று வரும்வரை வேகத் திருகை முன்னும் பின்னும் திருகினேன். கடிகாரம் பார்ப்பதில்தான் எனக்கு அனுபவம். அண்ணாச்சி தம் சுருதிப்பெட்டியை அதற்கு ஒத்துவரச் செய்துகொண்டார். டிரம்பெட் பையனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன்; அவன் ஐந்து கோட்டுத் தாளும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தான்.

தட்டு ஓடிற்று. கரகரப்புக்கு நடுவே அந்த நாதம் எழுந்தபோது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் திருப்பிப் போட்டேன். அதுவும் முடிந்தது. வெகு நேரம் கழித்து, "மேல் ஷட்ஜத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டார் பார்த்தீர்களா? கோவிலில் இங்கே வந்து சேர ஒரு மணி ஆகும். தட்டுக்காக ஓடியிருக்கிறார், பாவம்" என்றார். பிறகு, "இன்னொரு தரம்" என்றார். அன்றிரவு பதினோரு தடவை போட்டோம். என் மனைவி இடையே வந்து, தோசை ஆறிப்போயிற்று என்று இரு முறை சொன்னாள்.

பையன் இதற்குள் இரண்டு வரி எழுதிவிட்டான். கெட்டிக்காரன், ஸ்வரம் பிடிப்பதில் பிழையில்லை. எழுதியதை டிரம்பெட்டில் ஊதிக் காட்டினான். அண்ணாச்சி ஆதரவாகத் தலையை ஆட்டிவிட்டு, "எழுத்தெல்லாம் சரி, பிள்ளை. தோடி மட்டும் இல்லை" என்றார்.

ஏன் இல்லை? இதுதான் நான் அவர்களிடமிருந்து அறிந்துகொண்ட விஷயம். தோடி எட்டாவது மேளகர்த்தா. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தைத் தொட்டும் மத்தியமத்தை எட்டியும் ஊஞ்சல்போல ஆடுகின்ற அந்த ஆட்டமே காந்தாரம். தாளில் எழுதினால் அது "க" என்னும் ஒரே எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்து ஊன்றி நின்று ஊதினால் ஸ்வரம் கிடைக்கும், இராகம் போய்விடும். நாயனத்தில் சாவிகள் கிடையா. மேலே ஏழு துளைகள். விரலைப் பாதி எடுத்தும் முழுதும் எடுத்தும், சீவாளியை உதட்டால் இறுக்கியும் நெகிழ்த்தியும், காற்றை ஏற்றியும் இறக்கியும் அந்த ஊஞ்சலை ஆட்டுகிறார்கள். டிரம்பெட்டிலோ மூன்று குமிழ்கள். அழுத்தினால் ஒரு படி, விட்டால் மற்றொரு படி. "அப்படியானால் இதில் தோடி வராதா?" என்று பையன் முகம் வாடினான். "குமிழ் மூன்று இருந்தால் என்ன? உதடு இரண்டு இருக்கிறதே" என்றார் அண்ணாச்சி. குமிழைத் தொடாமல் உதட்டாலேயே ரிஷபத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் எருமை கத்திற்று. ஒன்பது மணிக்கு மேல், அடுத்த வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திய பிறகு, ஒரே ஒரு தடவை, ஒரு கணம், அந்தக் காந்தாரம் வந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எழுத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் முன்னோர் இதற்குப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். சின்னசாமி முதலியார் என்னும் தமிழர் 1893-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே நம் கீர்த்தனங்களை ஐரோப்பியரின் ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதரோ, நம் தெற்குச் சீமையின் எட்டயபுரத்தில் இருந்துகொண்டு, 1904-இல் "சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி" என்னும் மாபெரும் நூலைத் தெலுங்கில் வெளியிட்டார். ஸ்வரத்தை எழுதினால் போதாது, அது எப்படி அசைகிறது என்பதையும் எழுத வேண்டும் என்று கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அமைத்தார். அந்நூல் இல்லையேல் பல உருப்படிகள் நமக்கு இல்லை. ஆனால் அவை கீர்த்தனங்கள். ஒருவர் அமைத்துவைத்த உருப்படிகள். ஆலாபனையோ அந்தந்த வேளையில் பிறப்பது. அதற்குத் தாள் ஏது? மெண்டெஸின் மக்கரேனாவிலும், பையன் தாளில் காணாமல் தவித்தது அத்தகைய பகுதியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் தட்டைக் கேட்டு ஒருவர் வித்வானாகலாமா? ஆதாரம் ஒன்று உண்டு. ஆந்திர தேசத்துக் கரவதியில் 1924-இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்து அவரைத் தம் மானசீக குருவாகக் கொண்டார். ஆனால் கேட்டதோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டுக்கே வந்து நாச்சியார்கோவில் சகோதரர்களிடம் முறையாகப் பயின்றார். பின்பு ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அரங்கன் சந்நிதியில் வாசித்து, 1999-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். வேறு மொழி, வேறு மதம், வேறு மாகாணம். தஞ்சாவூர்ப் பாணியைக் கட்டிக் காத்தவர்களில் அவர் ஒருவர். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம், நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லிவைக்கலாம். ஒலி அவரைக் கூப்பிட்டது. ஆசான் அவரை ஆக்கினார். ஒலி மட்டும் போதும் என்று சென்ற ஆண்டு செயற்குழுவில் நான் பேசியதற்கு அவர் வாழ்க்கையே மறுப்பு.

தட்டினால் கேடும் வந்ததுண்டு. காருகுறிச்சி அருணாசலம் பிள்ளையவர்களின் சீடர். நம் நெல்லைச் சீமைக்காரர். 1962-இல் வந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் எஸ். ஜானகி பாட இவர் நாயனம் வாசித்த "சிங்கார வேலனே தேவா" உலகெங்கும் பரவிற்று. ஆபேரி இராகம். 1964-இல் அவர் நாற்பத்து மூன்று வயதுக்குள் மறைந்தார். அந்தத் தட்டு மறையவில்லை. அதன் பிறகு எந்தக் கல்யாணத்தில் எந்த நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்தாலும், "சிங்கார வேலனே வரட்டும்" என்று ஒரு குரல் எழும். தட்டில் உள்ளபடி ஒரு பிருகா மாறினாலும் "காருகுறிச்சி மாதிரி இல்லையே" என்பார்கள். "நாற்பது வருஷம் அந்தப் பாட்டை வாசித்தேன் தம்பி, என் ஆபேரி எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை" என்று அண்ணாச்சி சொன்னார். அவருடைய மகன் நாயனத்தைத் தொடவில்லை. களியக்காவிளையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். அவனைக் குறை சொல்ல நான் யார்? நானும் கணக்கெழுதுகிறவன்தான், அவன் தகப்பனாரின் பெயரைக் கணக்கிலிருந்து அடித்தவனும் நானே.

அந்த மாலைக்குப் பிறகு வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் ஒரு வகுப்பு நடக்கிறது. பையன் டிரம்பெட்டோடு வருகிறான். மேலைநாட்டுக் கருவி நம் சங்கீதத்திற்கு உதவாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கிளாரினெட்டை ஏ. கே. சி. நடராஜன் மேடையேற்றினார், மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், நாயனக்காரர் ஒருவரின் மகன், அதில் கர்நாடக சங்கீதம் முழுவதையும் வாசித்துக் காட்டினார். டிரம்பெட்டில் தோடி பூரணமாக வருமா என்பது எனக்குத் தெரியாது. பையனுக்கு மெண்டெஸின் ஒலிப்பதிவு நல்லதொன்று பிறகு கிடைத்துவிட்டது. சரியான தாள் மட்டும் இன்னும் அகப்படவில்லை. இப்போது அவன் தாளைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒலிப்பதிவைக் கேட்டுத் தானே எழுதிக்கொண்டிருக்கிறான். தொடக்கத்து இழைப்பை எழுதும் இடத்தில், ஐந்து கோட்டின் மேல் தமிழில் "க, தோடி மாதிரி ஆட்டு" என்று குறித்திருக்கிறான். மெக்ஸிகோக்காரர் பார்த்தால் என்ன நினைப்பாரோ!

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நம் வாசகசாலையில் பழைய நாயன ஒலிப்பதிவுகளைச் சரியான வேகத்தில், சரியான சுருதியில் சேர்த்துவைக்க வேண்டும். என் தகப்பனாரின் தட்டுகளைப் பெட்டியோடு இன்று சங்கத்திற்கு ஒப்படைக்கிறேன். மற்றொன்று, எல்லையோரத்துக் கோவில்களில் வாசித்து வயதான நாயனக்காரர்களை அழைத்து, மூன்று நிமிடக் கணக்கில்லாமல், அவர்கள் போதும் என்று சொல்லும்வரை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். இதற்குச் சன்மானம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பந்தியில் இனிப்பு ஒன்றுதான் என்பதை இந்த ஆண்டு நீங்கள் கவனிக்கத்தான் போகிறீர்கள்.

அண்ணாச்சி மேடைக்குப் பின்புறம் வந்து உட்கார்ந்து சீவாளியை நனைத்துக்கொண்டிருக்கிறார். தவில்காரர் வார் பிடிக்கும் ஓசை உங்கள் காதில் விழுந்திருக்கும். தோடிதான் வாசிக்கப் போகிறார். நிகழ்ச்சி நிரலில் இரவு உணவு எட்டரை மணிக்கு என்று அச்சாகியிருக்கிறது. சமையற்காரரிடம் நான் பத்து மணி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.